ஆனேக்கல் கொட்டகையில் தரை மாற்றினோம்: மூத்திரம், எருக்குழி, செம்மண்

பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடி ஆனேக்கல் தாலுகா. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். அந்த எல்லையோரத்தில் என் மாமனாருக்கு இரண்டரை ஏக்கர் செம்மண் நிலமும் ஐந்து மாடுகளும் உண்டு. இரண்டு ஏக்கரில் மானாவாரி ராகி, மீதி அரை ஏக்கரில் மாட்டுக்குப் புல். மாடுகளில் மூன்று எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, ஒன்று ஜெர்சி கலப்பு, ஒன்று ஹள்ளிகார் நாட்டு மாடு. எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வார இறுதி ஆனால் அங்கேதான் இருப்பேன்.

மண்ணைத் தேற்றுவது பற்றி வீட்டில் பேச்சு எழும்போதெல்லாம் அது எதை வாங்கிப் போடலாம் என்பதில்தான் போய் நிற்கும். வேப்பம் புண்ணாக்கா, மண்புழு உரமா, நுண்ணுயிர் பாட்டிலா? கொட்டகையிலிருந்து மூத்திரமாகத் தினமும் வெளியே ஓடிக்கொண்டிருக்கும் சத்தை நிறுத்தாமல் வெளியிலிருந்து வாங்கிக் கொட்டுவதில் அர்த்தமில்லை என்பது என் கட்சி. கடைசியில் அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த ஓட்டத்தை நிறுத்த என்னென்ன செய்தோம், இரண்டு ராகிப் போகத்தில் நிலத்தில் என்ன தெரிந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

எவ்வளவு ஓடுகிறது

கறவை மாடு தின்கிற தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், சுமார் கால் பங்குதான் பாலுக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கு சாணியாகவும் மூத்திரமாகவும் வெளியே வந்துவிடுகிறது. அந்த முக்காலில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில் இருக்கிறது. சாம்பல்சத்திலும் (பொட்டாசியம்) பெரும்பங்கு மூத்திரத்தில்தான். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் கிட்டத்தட்ட முழுக்கச் சாணியில் தங்கிவிடும். நாம் சாணியை மட்டும் அள்ளி எருவாக்குகிறோம் என்றால் பாதிச் சரக்கைத்தான் அள்ளுகிறோம்.

கலப்பினக் கறவை ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் மூத்திரம் பெய்யும். தீவனத்தைப் பொறுத்து சத்து கூடும், குறையும். லிட்டருக்கு ஏழெட்டு கிராம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால் ஒரு மாட்டுக்கு ஒரு நாளில் எழுபது எண்பது கிராம். வருஷத்துக்கு 25 கிலோவைத் தாண்டும். கடையில் வாங்கும் யூரியா மூட்டை 45 கிலோ, அதில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது இருபது கிலோ சொச்சம். ஒரு மாடு வருஷத்துக்கு ஒரு மூட்டை யூரியாவுக்கு மேலேயே சாக்கடையில் விடுகிறது. மானாவாரி ராகிக்கு ஏக்கருக்கு இருபது கிலோ தழைச்சத்து போதும் என்பதுதான் இங்கே பரிந்துரை. எங்களுக்கு இருப்பதோ இரண்டு ஏக்கர் ராகி, ஐந்து மாடு.

இந்தக் கணக்கைச் சொன்னபோது மாமா, "மாப்பிள்ளை, சாணின்னா ரோஜாத் தோட்டக்காரங்க டிராக்டர் லோடு கணக்குல வந்து எடுத்துக்கறாங்க. மூத்திரத்தை யாரு எடுப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விலை கேட்க ஆள் வராத பொருள் கணக்கிலேயே வருவதில்லை. ஆனால் நாங்கள் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் பூசா என்கிற தவிடும் கலப்புத் தீவனமும் மாதாமாதம் காசு கொடுத்து வாங்குகிறோம். யாரோ ஒருவருடைய நிலத்துச் சத்து மூட்டை கட்டி நம் கொட்டகைக்கு வருகிறது. பாலுக்குப் போனது போக மற்றதை நம் நிலத்தில் இறக்கினால், ராகியாகவும் தாளாகவும் (ராகி வைக்கோல்) நாம் எடுப்பதை ஈடுகட்டி மிச்சமும் இருக்கும்.

மூத்திரத்தில் தழைச்சத்து பெரும்பாலும் யூரியா வடிவில் இருக்கிறது. சாணியிலிருக்கும் நுண்ணுயிர்களின் நொதி பட்டால் அது அம்மோனியாவாக உடைந்து காற்றில் கலந்துவிடும். இதற்கு வாரக்கணக்கில் ஆகாது, ஒன்றிரண்டு நாளில் பாதி வேலை முடிந்துவிடும். விடியற்காலையில் கொட்டகைக்குள் நுழைந்தால் கண்ணை எரிக்கிற நெடி அதுதான். அதைப் பிடித்து வைக்க இரண்டு வழி. மூத்திரம் விழுந்த கையோடு வடிந்து ஒரு மூடிய தொட்டிக்குப் போக வேண்டும். அல்லது இலைதழை, தாள், காய்ந்த மண் மாதிரி ஏதாவது அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். நாங்கள் இரண்டையும் செய்தோம்.

பழைய தரையைப் பெயர்த்தது

இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் பெரும்பாலும் சப்படிக் கல் தரைதான். கருங்கல் பலகைகளை மண்மேல் அப்படியே பரப்பியிருப்பார்கள். வருஷம் போகப் போக மாட்டின் எடைக்குக் கல் ஒரு பக்கம் தாழும், இடுக்கு விரியும். மூத்திரம் அந்த இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும். மேலே பார்த்தால் தரை காய்ந்த மாதிரிதான் தெரியும்.

ராகி அறுப்பு முடிந்து, பிப்ரவரியில் கடப்பாரை போட்டுக் கல்லைக் கிளப்பினோம். கீழே மண் செம்மண்ணாகவே இல்லை. கன்னங்கரேலென்று, சேறும் இல்லாமல் மண்ணும் இல்லாமல், மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓர் அடி ஆழம் போயும் நெடி குறையவில்லை. இன்னும் தோண்டியபோதுதான் மெல்லச் சிவப்பு தட்டியது. அத்தனை வருஷமாக மாடுகள் கொடுத்த சத்தும் உப்பும் அந்த இடத்திலேயே சுவறியிருக்கிறது. எங்கள் போர்வெல் அங்கிருந்து தள்ளி இருப்பது நல்லதாகப் போயிற்று. கொட்டகைக்குப் பக்கத்திலேயே கிணறோ போரோ இருப்பவர்கள் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

அந்தக் கறுப்பு மண்ணை ஒரே இடத்தில் கொட்டவில்லை. உப்பு அதிகம், பயிரைக் கருக்கிவிடும். அன்னக்கூடையில் அள்ளி, ராகி நிலத்தில் மெல்லிசாக விசிறிவிட்டு, முதல் கோடை மழைக்குப் பிறகு உழுதோம்.

கல்லையே சரிவாகப் போட்டு இடுக்கில் சிமெண்ட் பூசலாமா என்று ஒரு யோசனை இருந்தது. செலவு குறையும். கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. நானூறு கிலோ மாடு எழுந்து படுக்கும்போது கல் ஆடும், பூச்சு வெடிக்கும், பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிடும் என்றார். அவர் சொன்னது சரி. கான்கிரீட்டே போட்டோம், கல்லை எருக்குழியின் கரைக்கு எடுத்துக்கொண்டோம்.

அளவுகள் இப்படி. தீவனக் காடியிலிருந்து பின்னால் வடிகால் வரைக்கும் மாடு நிற்கும் நீளம் ஐந்தரை அடி. அதற்கு ஒன்றரை அங்குலச் சரிவு. மாட்டுக் கொட்டகைக்கு 40-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை சரிவு சொல்வார்கள், அதற்குள் இது வருகிறது. இதற்கு மேல் சரித்தால் நிறைமாத மாடுகளுக்குப் பின்கால் பாரம் கூடிவிடும். ஒரு மாட்டுக்கு நான்கு அடி அகலம், ஐந்துக்கு இருபது அடி. பின்னால் வடிகால் ஓர் அடி அகலம், மூன்றே அங்குல ஆழம், அடி வளைந்த வடிவம். ஆழமாக வெட்டினால் குளம்பு மாட்டிக்கொள்ளும். வடிகாலின் நீளவாக்கில் இருபது அடிக்கு இரண்டரை அங்குலம் தாழ்வு. ரசமட்டம் இத்தனை நீளத்துக்குச் சரிப்படாது. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தால்தான் நம்பகம்.

கலவை ஒன்றுக்கு இரண்டு நான்கு. சிமெண்ட், எம்.சாண்ட், முக்கால் அங்குல ஜல்லி. நான்கு அங்குல கனம். சிமெண்ட் மட்டும் எட்டு மூட்டை பிடித்தது. மேற்பரப்பை மழமழவென்று தேய்க்க விடவே கூடாது. நனைந்த தரையில் மாடு கால் வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். கலவை இறுகத் தொடங்கும்போது ஒரு கம்பியை நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் அழுத்தி, சாய்சதுரக் கோடுகள் போட்டோம். பிறகு இரண்டு வாரம் நீர் கட்டினோம். அதுவரை மாடுகள் புங்க மரத்தடியில். திரும்பக் கட்டுவதற்கு முன்னால் தரையை நாலைந்து முறை நன்றாகக் கழுவிவிட வேண்டும். புது சிமெண்டின் காரம் குளம்பை அரிக்கும்.

வடிகாலின் முடிவில் மூன்று அங்குல பி.வி.சி. பைப், அதில் இரண்டாகப் பிரியும் ஒரு டி (T) இணைப்பு. ஒரு வாய் தரையில் புதைத்த 200 லிட்டர் டிரம்முக்கு, இன்னொரு வாய் புல் நிலத்துக்கு. ராத்திரி முழுக்க டிரம் பக்கம் திறந்திருக்கும். காலையில் தரை கழுவும்போது மூடியை இந்த வாயிலிருந்து அந்த வாய்க்கு மாற்றிவிட்டால் கழுவின தண்ணீர் புல்லுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் டிரம்மில் மூத்திரத்தை விடத் தண்ணீர்தான் அதிகம் இருக்கும்.

இதையெல்லாம்விட அதிகம் சேகரிப்பது அத்தைதான். மாடு படுத்திருந்து எழுந்தவுடன் மூத்திரம் பெய்யும். அவர் ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டு, ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி, வால் மேலே தூக்குவதற்கு முன்னாலேயே வாளியைக் கொண்டுபோய் நீட்டுவார். எது எந்த வரிசையில் எழும் என்பது அவருக்குத் தெரியும். ஜெர்சிக்கு அவசரம், ஹள்ளிகார் நிதானம். சாணி கலக்காத அந்த வாளி மூத்திரம் தனி. டிரம்மில் இருப்பதைவிட மெதுவாகத்தான் கெடும். புதுத் தரையைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "குனிஞ்சு குனிஞ்சு இடுக்குல சுரண்டற வேலை போச்சுப்பா." கொட்டகை வேலையில் முக்கால்வாசி அவர் செய்வது. அவருக்கு வேலை கூடுகிற மாதிரி ஏதாவது செய்திருந்தால் ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும்.

மொத்தச் செலவு, கூலி உட்பட, ஒரு நல்ல கறவை மாட்டின் விலையில் பாதிக்கும் குறைவு.

படுக்கையும் குழியும்

வடிகால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாதி மூத்திரம் சாணியோடு குழம்பி மாட்டின் அடியிலேயே நிற்கும். அதற்குத்தான் படுக்கை. மாடு கழித்துவிடும் ராகித் தாள் போதாது. பெங்களூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் தெருத் தெருவாகப் புங்கனும் தூங்குமூஞ்சியும் மகாகனியும் இலை கொட்டும். அதை மூட்டை கட்டி ஓரமாக வைப்பார்கள், இல்லாவிட்டால் யாராவது பற்றவைப்பார்கள். நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் தோட்டக்காரரிடம் சொல்லி வைத்தேன். சனிக்கிழமை காரின் பின்சீட்டை மடக்கினால் ஏழெட்டு மூட்டை போகும். அவிழ்த்துக் கொட்டி பிஸ்கட் உறை, பால் கவரின் கிள்ளிய மூலை, ஸ்டேப்ளர் பின் எல்லாம் பொறுக்கிவிட வேண்டும். கம்பியும் பின்னும் மாட்டின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இதில் சோம்பல் படவே கூடாது. துமகூர், திப்டூர் பக்கத்துத் தென்னைநார்க் கழிவும் கொஞ்சம் வாங்கினோம். உறிஞ்சுவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் மக்க நாளாகும் என்பதால் இலையோடு கலந்தே போட்டோம்.

சாணியும் மூத்திரமும் தழைச்சத்து மிகுந்தவை, காய்ந்த இலையும் தாளும் கரிமம் (கார்பன்) மிகுந்தவை. இரண்டும் சேர்ந்து, ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபத்தைந்து முப்பது பங்கு கரிமம் என்கிற அளவில் நின்றால் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தங்கள் உடம்பில் கட்டிக்கொள்ளும், காற்றில் விடாது. மூக்கே போதும் அளவுகோலாக. நெடி அடித்தால் இன்னும் இலை போட வேண்டும்.

குழிக்குப் பெங்களூர் முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். 1939-ல் இங்கே இந்திய அறிவியல் கழகத்தில், ஊர்க்காரர்கள் இன்னும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இடத்தில், சி.என். ஆச்சார்யா வகுத்தது. அதற்கு முன்னால் பரவலாகப் பேசப்பட்டது ஆல்பர்ட் ஹாவர்டின் இந்தூர் முறை. அதில் குவியலைப் பலமுறை கிளறிப் புரட்டிப்போட வேண்டும். ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், புரட்டும்போது தழைச்சத்தும் போகும். ஆச்சார்யாவின் முறையில் குழியை அடுக்கடுக்காக நிரப்பி மண் பூசி மூடிவிட்டால் அப்புறம் தொடவே வேண்டாம். ஊர்க் குப்பையை உத்தேசித்து வந்த முறை. தொழு உரத்துக்கு அதைப் பகுதி பகுதியாக நிரப்புகிற குழியாக மாற்றி அவரே கொடுத்திருக்கிறார். வேளாண் கல்லூரிப் பாடங்களில் இன்றைக்கும் இருக்கிறது. கிராமத்தில்தான் அபூர்வமாகப் பார்க்க முடிகிறது.

எங்கள் குழி இருபது அடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழம். மேட்டில் வெட்டினோம். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி சுற்றிலும் பழைய சப்படிக் கல்லை நிறுத்தினோம். அடியில் களிமண்ணும் சாணியும் குழைத்துத் திமிசுபோட்டு இடித்தோம். தினமும் காலையில் நனைந்த படுக்கையும் சாணியும் சேர்த்து வாரிக் குழிக்கு. குழி முழுக்கப் பரப்பக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். ஒரு முனையில் மூன்றடி நீளத்தை மட்டும் பலகை வைத்துத் தடுத்து, அதை மட்டும் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். தரைக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி உயர்ந்ததும் கூம்பாக்கி, செம்மண்ணும் சாணியும் நறுக்கிய தாளும் குழைத்து மெழுகிவிட்டு அடுத்த மூன்றடிக்கு நகர வேண்டும். வெயில் படுகிற பரப்பு எப்போதும் அந்த மூன்றடிதான். கொட்டகையோரக் குப்பைமேட்டில் மொத்தக் குவியலும் வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து போகும்.

மெழுகிய பூச்சு வெடிக்கும். முதல் வாரத்தில் உள்ளே சரக்கு அமுங்க அமுங்க விரல் நுழைகிற அளவுக்குப் பிளவு விடும். மூக்கைக் கொண்டுபோனால் அங்கே மட்டும் நெடி தெரியும். ஒரு சட்டியில் சாணிக் கரைசல் வைத்துக்கொண்டு அவ்வப்போது பூசிவிட வேண்டும். டிரம்மில் சேர்ந்த மூத்திரத்தில் ஒரு பகுதியையும் மூடுவதற்கு முன் இந்தச் சரக்கின் மேலேயே ஊற்றினோம். கூடவே சூப்பர் பாஸ்பேட் கொஞ்சம் தூவினோம். அதிலிருக்கும் ஜிப்சம் அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செம்மண்ணில் குறைவாக இருக்கும் மணிச்சத்தும் சேரும்.

அடுப்புச் சாம்பலைக் குழியில் கொட்டக் கூடாது. காரம் ஏறினால் அம்மோனியா கிளம்பிவிடும். அது வாழைக்குப் போகட்டும். பூத்த பார்த்தீனியமும் கூடாது. இந்த முறையில் குழி அதிகம் சூடேறாது, களை விதை சாகாது. இதுதான் பெங்களூர் முறையின் குறை. இரண்டாவது போகத்தில் ராகிக்கு நடுவே களை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. கிளறிப்போடும் முறையில் வெப்பம் 55, 60 டிகிரி வரை ஏறி விதையெல்லாம் வெந்துவிடும். இருந்தாலும் ஆள் பற்றாக்குறையான வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரு களையெடுப்பு கூடுவதைத் தாங்கிக்கொள்ளலாம், வாராவாரம் குழியைப் புரட்ட யாரும் கிடைப்பதில்லை.

மூடி நாலைந்து மாதத்தில் எரு தயார். மார்ச்சில் மூடிய முதல் பகுதியை ஜூலைக் கடைசியில் திறந்தோம். கறுத்து, ஈரமாக, கையில் உதிர்ந்தது. இலையின் நரம்பு மட்டும் அங்கங்கே தெரிந்தது. பழைய குப்பைமேட்டில் அள்ளும்போதெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் காண்டாமிருக வண்டின் புழு இதில் ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டது.

வயலில்

தொடங்குவதற்கு முன்பே மண் மாதிரி எடுத்தோம். பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில வி வடிவில் வெட்டி, சுவரோரம் ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், மர நிழல், எரு கொட்டிய இடம் தவிர்த்து நிலம் முழுக்க நடந்து பல இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ ஆகும் வரை குறைக்க வேண்டும். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு விவரம் தருகிறார்கள். அதில் நான் முதலில் பார்த்தது கரிமத்தை. 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு. எங்களுடையது 0.4 பக்கம். மண் லேசான அமிலம்.

அமிலம் ஏறுவது இந்தச் செம்மண்ணுக்குப் பழைய வியாதி. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் 1986 முதல் ராகியையும் மக்காச்சோளத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு நீண்டகால உரப் பரிசோதனை நடக்கிறது. தழைச்சத்து உரம் மட்டும் போட்ட பாத்திகளில் மண் அமிலமாகி விளைச்சல் விழுந்துவிட்டது. மூன்று சத்தோடு தொழு உரமும் சேர்த்த பாத்திகள் தாக்குப்பிடித்து நிற்கின்றன. அதனால் நாங்கள் ரசாயன உரத்தை அடியோடு நிறுத்தவில்லை, யூரியாவைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். ஒரே போகத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி விளைச்சலை இழந்துவிட்டு, மறு வருஷம் பழையபடி மூட்டை மூட்டையாகப் போடும் ஆட்களை இந்தப் பக்கத்திலேயே பார்க்கிறேன்.

ஆய்வகத்தைவிட எனக்கு அதிகம் சொன்னவை வீட்டிலேயே செய்த இரண்டு சோதனைகள். காய்ந்த மண்கட்டி இரண்டு, ஒன்று வயலில், ஒன்று உழவே படாத புங்க மரத்தடி வரப்பில். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். வயல் கட்டி உள்ளே போன நொடியே பொரபொரவென்று குமிழி விட்டது. ஓரங்கள் உதிர்ந்து, ஒரு நிமிஷம் ஆவதற்குள் அடியில் செஞ்சேறாகப் படிந்து தண்ணீரே சிவந்துவிட்டது. வரப்புக் கட்டி முழுசாக உட்கார்ந்திருந்தது, தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரே மண்தான். வேரும் பூஞ்சை இழையும் நுண்ணுயிர்ப் பிசினும் ஒட்டி வைத்திருக்கும் கட்டி, உள்ளே காற்று அழுந்தினாலும் உடையாது. உடைகிற மண் மழையில் கரைந்து துவாரங்களை அடைத்துக்கொள்ளும். வெயில் அடித்ததும் மேலே ஓடு கட்டிவிடும். ராகி விதை அந்த ஓட்டை முட்டிக்கொண்டு மேலே வர முடியாது. மாமா அதைப் பார்த்துவிட்டு, நீண்ட நேரம் டம்ளரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று தண்ணீர் இறங்கும் வேகம். ஆறு அங்குல பி.வி.சி. பைப்பில் ஐந்து அங்குலத் துண்டு. மரப்பலகை வைத்துத் தட்டி மூன்று அங்குலம் மண்ணுக்குள் இறக்கி, உள்ளே பாலிதீன் தாளை விரித்து 444 மில்லி தண்ணீர் ஊற்றித் தாளை மெதுவாக உருவ வேண்டும். அது சரியாக ஓர் அங்குல மழை. முதல் அங்குலம் இறங்கியதும் இரண்டாவது ஊற்றி, அதைத்தான் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வயலில் முக்கால் மணி நேரம் ஆகியும் தண்ணீர் நின்றது. பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மழை அரை மணியில் கொட்டித் தீர்த்துவிடும். இறங்காத தண்ணீர் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போகும்.

எருவைப் போடும் விதத்தில் ஒன்றை மாற்றினோம். இங்கே கோடையில் வண்டி வண்டியாக அடித்து வயலில் சிறு சிறு குவியலாக விட்டுவைப்பார்கள், மழை வந்த பிறகுதான் இறைப்பார்கள். குழியில் நாலு மாதம் காத்த தழைச்சத்தை அந்த வெயில் வாரக்கணக்கில் வாங்கிவிடும். நாங்கள் விதைப்புக்கு முன்னால், மேகமூட்டமான நாளாகப் பார்த்துக் கொண்டுபோய் இறைத்து, அன்றைக்கே உழுது மூடினோம். எருவே போடாமல் ஒரு பட்டையை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைக்கச் சொன்னேன். மாமாவுக்கு அது பிடிக்கவேயில்லை. "அதை மட்டும் வெறும் வயிறாப் போடறதா?" என்றார். கடைசியில் ஓரமாக, குறுகலாக ஒரு பட்டை விட்டார்.

ராகி ரகம் ஜி.பி.யு. 28. நடுநடுவே அவரையும் துவரையும் ஒரு சால், வரப்போரம் கடுகும் ஆமணக்கும். கன்னடத்து அக்கம்பக்கத்தார் அக்கடி சாலு என்று சொல்லும் பழைய முறை. பயறு வகை தழைச்சத்தைச் சேர்க்கும், ராகி அறுத்த பிறகும் அவரையின் நிழல் மண்ணை மூடியிருக்கும். மார்கழியில் காய்க்கிற அந்த அவரைக்குப் பெங்களூரில் என்ன கிராக்கி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டிரம் மூத்திரம் புல்லுக்கு, ஒரு பங்குக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து. கழுவின தண்ணீரும் அங்கேதான். ஒரே வரிசைக்கு நாள்தோறும் விட்டால் புல்லில் நைட்ரேட் தேங்கும், வறட்சிக் காலத்தில் அதைத் தின்கிற மாட்டுக்கு விஷமாகும். அதனால் வரிசையை மாற்றி மாற்றி விடுகிறோம். விட்ட பிறகு சில வாரம் கழித்தே அந்த வரிசையை அறுக்கிறோம்.

இரண்டு போகத்துக்குப் பின்

முதல் போகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எருவே பாதி நிலத்துக்குத்தான் வந்தது. இரண்டாம் போகத்தில், விதைத்த சில நாளில் ஒரு கனமழை பெய்து உடனே வெயில் அடித்தது. எரு போடாத பட்டையில் மேலே ஓடு கட்டி முளைப்பு திட்டுத் திட்டாக வந்தது. எரு போட்ட இடத்தில் வரிசை அறுபடாமல் வந்தது. மாமா பட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்தார், அடுத்த வருஷம் அதற்கும் எரு உண்டு என்று சொல்லிவிட்டார். கறுப்பு மண் கொஞ்சம் தடிப்பாக விழுந்த ஒரு மூலையில் மட்டும் ராகி மதமதவென்று வளர்ந்து, கதிர் முற்றும்போது சாய்ந்துவிட்டது. அங்கே இந்த வருஷம் மூத்திரமும் இல்லை, யூரியாவும் இல்லை.

பைப் சோதனையில் இரண்டாவது அங்குலம் இப்போது இருபது நிமிஷத்துக்குள் இறங்குகிறது. டம்ளரில் வயல் கட்டி இன்னும் உடைகிறது, ஆனால் ஒரு நிமிஷத்தில் இல்லை. வரப்புக் கட்டியின் நிலைக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். மண்வள அட்டையில் கரிமம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அந்த அளவு ஏற்ற இறக்கம் மாதிரி எடுக்கும் இடத்தைப் பொறுத்தே வரலாம் என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இன்னும் சில வருஷம் அதே மாதத்தில், அதே முறையில் எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். யூரியா பாதிக்கும் கீழே இறங்கிய பிறகும் ராகி குறையவில்லை, மாட்டுக்குத் தாள் கூடியிருக்கிறது.

ஒன்றிரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவர்கள், கான்கிரீட்டுக்குக் கையில் காசு இல்லாதவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தரையை மாற்றாமலேயே ஒரு வழி இருக்கிறது. கோடையிலேயே வயல் மண்ணைச் சலித்துக் காயவைத்து மூட்டை கட்டி மழை படாமல் வைத்துக்கொள்ளுங்கள். மாடு நிற்கும் இடத்தில், பின்கால் பக்கமாக, அரை அடி கனத்துக்கு அதைப் பரப்பி, மேலே இலையோ தாளோ போடுங்கள். சாணியைத் தினமும் அள்ளிவிட்டு, நனைந்த இடத்தைக் கிளறிவிட்டு, ஈரம் தெரிந்தால் மேலே இன்னும் கொஞ்சம் காய்ந்த மண் தூவுங்கள். மண் ஊறிக் கறுத்து நெடி தொடங்கியதும் மொத்தமாக அள்ளி எருக்குழியில் அடுக்குக்கு அடுக்கு போட்டுவிட்டுப் புது மண் பரப்புங்கள். மழைக்காலத்தில் மடி நோய் வராமல் பார்க்க வேண்டும் என்பதால் அப்போது மண்ணை அடிக்கடி மாற்ற வேண்டும், மேலே இலை கனமாக இருக்க வேண்டும். மூட்டையை எண்ணி வைக்கும்போது ஐப்பசி அடைமழைக்கும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.